மறைத்துக் காவும் கைத்துப்பாக்கி: சுத்தியல் வகையைத் தெரிவுசெய்யும் முன் அறிந்திருக்க வேண்டியவை

அமெரிக்காவில் வாழும் எம்மவர்களில் இரவு நேரக் கடைகளையும் எரிபொருள் நிரப்பு நிலையங்களையும் நடத்துவோரும் அவற்றில் வேலை செய்வோரும் இருக்கின்றார்கள். நள்ளிரவில் கடையைப் பூட்டிவிட்டு அன்றைய பணத்துடன் வாகனம் வரை நடக்கும் அந்தச் சில நிமிடங்களை நினைத்தே ஒருவருக்குக் கைத்துப்பாக்கி வாங்கும் எண்ணம் வருகின்றது. ஊரில் உள்ள தாய்க்கும் சகோதரங்களுக்கும் இதைச் சொல்வதில்லை. சொன்னால் அவர்கள் நித்திரை கொள்ள மாட்டார்கள் என்பது தெரியும்.

எமது மண்ணில் மறைத்துக் கொண்டுவரப்பட்ட கைத்துப்பாக்கி எதற்குப் பயன்பட்டது என்பதை எவரும் எமக்கு விளக்க வேண்டியதில்லை. படலையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டவரின் இடுப்பில் அது இருந்தது. அந்த நினைவோடு வாழும் ஒருவர், இன்னொரு நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டு அதே பொருளைத் தன் இடுப்பில் செருகும் முன் அதைப் பற்றி முழுமையாக அறிந்திருக்க வேண்டும். கடைக்காரர் சொல்வதும் காணொளிகளில் காண்பதும் அதற்குப் போதாது.

இந்தக் கட்டுரை கைத்துப்பாக்கி வாங்கச் சொல்லவில்லை. சட்டப்படி வாங்கத் தீர்மானித்தவர், குறிப்பாக ‘சுத்தியல்’ உள்ள வகையை வாங்க நினைப்பவர், எதைப் பார்க்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைத் தொகுத்துத் தருகின்றது.

முதலில் சட்டம்

2022 யூன் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயோர்க் மாநிலம் தொடர்பான புரூயன் வழக்கில் தீர்ப்பளித்தது. தற்பாதுகாப்புக்காக வீட்டுக்கு வெளியிலும் கைத்துப்பாக்கியைக் காவுவது அரசியலமைப்பு வழங்கும் உரிமை என அத்தீர்ப்புக் கூறியது. ரெக்சாஸில் 2021 செப்டெம்பர் முதலும் புளோரிடாவில் 2023 யூலை முதலும், தகுதியுள்ள வயது வந்தவர்கள் அனுமதிப்பத்திரம் இல்லாமலேயே மறைத்துக் காவ முடிகின்றது. இப்படிப்பட்ட மாநிலங்கள் இப்போது 25க்கும் மேல். நியூயோர்க், நியூ ஜேர்சி, கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் அனுமதிப்பத்திரம் கட்டாயம்.

‘தகுதியுள்ள’ என்ற சொல்லில்தான் எம்மவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சமஷ்டிச் சட்டப்படி உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். நிரந்தர வதிவிட அட்டை வைத்திருப்பவர் வாங்கலாம். சுற்றுலா, கல்வி, வேலை போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், சில விதிவிலக்குகள் தவிர, வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. சட்டபூர்வ வதிவிடம் இல்லாதவர்கள் ஒரு ரவையைக்கூட வைத்திருக்க முடியாது. குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கும் தடை உண்டு. கடையில் நிரப்பும் படிவத்தில் குடிவரவு நிலை பற்றிய கேள்விகள் இருக்கின்றன. அதில் பொய்யான பதில் எழுதுவதே பாரதூரமான குற்றம்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அமெரிக்கக் குடியுரிமை பெறாத ஒருவர், நிரந்தர வதிவிட அட்டை உள்ளவராக இருந்தாலும், துப்பாக்கியைச் சட்டத்துக்கு மாறாக வாங்கியமை, வைத்திருந்தமை அல்லது காவியமை தொடர்பில் குற்றவாளியாகக் காணப்பட்டால் அவரை நாடு கடத்தக் குடிவரவுச் சட்டம் இடமளிக்கின்றது. யாரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை. தவறான மாநிலத்தில் தவறான முறையில் காவியதே போதும். எனவே அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்களும் குடியுரிமைக்குக் காத்திருப்பவர்களும் துப்பாக்கிக் கடைக்குப் போகும் முன் குடிவரவுச் சட்டத்தரணியிடம் போக வேண்டும்.

ஒரு மாநிலத்தின் அனுமதிப்பத்திரம் அடுத்த மாநிலத்தில் செல்லும் என்றில்லை. நியூ ஜேர்சி வேறு எந்த மாநிலத்தின் பத்திரத்தையும் ஏற்பதில்லை. 2013 இல் பென்சில்வேனியாவின் அனுமதிப்பத்திரத்துடன் நியூ ஜேர்சிக்குள் வாகனம் ஓட்டிவந்த பிலடெல்பியாவைச் சேர்ந்த தாய் ஒருவர், வீதியில் மறித்த பொலிஸாரிடம் தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானாகவே சொன்னார். அவர் கைது செய்யப்பட்டுச் சிறைத் தண்டனையை எதிர்நோக்கினார். 2015 இல் ஆளுநர் வழங்கிய மன்னிப்பே அவரைக் காப்பாற்றியது. எல்லோருக்கும் ஆளுநரின் மன்னிப்புக் கிடைப்பதில்லை.

நியூயோர்க்கிலிருந்தும் நியூ ஜேர்சியிலிருந்தும் ரொறன்ரோவில் உள்ள உறவுகளிடம் வாகனத்தில் போய்வருவது எம்மவர்களுக்கு வழமை. கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கிகளை வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் முடக்கப்பட்டுள்ளன. கலியாண வீட்டுக்குப் போகும் அவசரத்தில் வாகனத்தின் பெட்டகத்தில் மறந்துவிட்ட கைத்துப்பாக்கியுடன் எல்லைச் சாவடிக்குப் போனால், மறதி என்ற விளக்கம் கைதிலிருந்தோ பறிமுதலிலிருந்தோ காப்பாற்றாது. பிரித்தானியாவில் 1996 இல் டன்பிளேன் பாடசாலையில் நடந்த படுகொலையைத் தொடர்ந்து 1997 இல் தனியார் கைத்துப்பாக்கிகள் ஏறத்தாழ முற்றாகத் தடைசெய்யப்பட்டன. ஆகவே இக்கட்டுரை பேசும் தெரிவு அமெரிக்காவுக்கு மட்டுமே உரியது.

சுத்தியல் என்பது என்ன?

ரவையின் அடியில் உள்ள எரியூட்டியை ஓர் ஊசி அடிக்கும்போதே ரவை வெடித்துச் சன்னம் குழலால் வெளியேறுகின்றது. அந்த அடிஊசியை இயக்கும் முறைகள் இரண்டு.

முதலாவது சுத்தியல் முறை. துப்பாக்கியின் பின்புறத்தில் உள்ள சிறு சுத்தியல், விசையை இழுக்கும்போது விழுந்து அடிஊசியைத் தட்டும். பெரும்பாலான வகைகளில் இச் சுத்தியல் வெளியே தெரியும். சிலவற்றில் உள்ளே மறைந்திருக்கும்.

இரண்டாவது ஸ்ரைக்கர் முறை. இதில் சுத்தியல் இல்லை. சுருளியால் அழுத்தப்பட்ட அடிஊசியே விசை இழுபட்டதும் முன்னே பாயும். 1982 இல் ஒஸ்ரிய இராணுவம் ஏற்றுக்கொண்ட குளொக் 17 வந்த பின்னர் இம்முறை உலகெங்கும் பரவியது. இன்று அமெரிக்கப் பொலிஸாரின் இடுப்பில் அநேகமாக இருப்பது இந்த வகை. நிறை குறைவு, விலை குறைவு, ஒவ்வொரு சூட்டுக்கும் விசை ஒரே மாதிரி இருக்கும்.

அப்படியானால் இன்னமும் சுத்தியல் வகையைத் தேடுவது ஏன்? அதற்கான விடை சுடுவதில் இல்லை, சுடாமல் இருப்பதில் இருக்கின்றது. மறைத்துக் காவுபவர் தன் வாழ்நாளில் ஒருமுறையும் சுட வேண்டி வராமல் இருக்கலாம். ஆனால் துப்பாக்கியை உறையில் செருகுவதும் எடுப்பதும் ஒவ்வொரு நாளும் நடக்கும். ஆயிரக்கணக்கான அந்தத் தடவைகளில் ஒருமுறை தவறினாலும் சன்னம் தொடையிலோ வயிற்றிலோ பாயும். வெளியே தெரியும் சுத்தியல், துப்பாக்கி எந்த நிலையில் இருக்கின்றது என்பதைக் கண்ணுக்கும் பெருவிரலுக்கும் சொல்லும். இந்த வகையின் பெரிய நன்மை அதுவே.

மூன்று வகைச் செயல்

சுத்தியல் கைத்துப்பாக்கிகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

ஒற்றைச் செயல்: இதில் விசை ஒரே ஒரு வேலையைச் செய்யும். ஏற்கெனவே பின்னே இழுத்து நிறுத்தப்பட்ட சுத்தியலை அது விடுவிக்கும். ஜோன் மோசஸ் பிறவுணிங் வடிவமைத்து 1911 இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட 1911 கைத்துப்பாக்கி இதற்கு நல்ல உதாரணம். 1985 வரை அதுவே அந்த இராணுவத்தின் நியம ஆயுதமாக இருந்தது. பிறவுணிங் தொடங்கி, அவரது மறைவின் பின்னர் பெல்ஜியத்தில் டியூடோனே சைவ் முடித்த 1935 ஆம் ஆண்டின் ஹை பவரும் இந்த வகையே. இவற்றை ஆயத்த நிலையில் காவுவதாயின் சுத்தியல் பின்னே நிற்க, பாதுகாப்புப் பூட்டு மேலே ஏற்றப்பட்டிருக்க வேண்டும். விசை மென்மையானது, இழுப்புக் குறுகியது. அதனால் குறி நன்றாக அமையும். ஆனால் பூட்டை இறக்குவதும் மீண்டும் ஏற்றுவதும் யோசிக்காமலே நடக்குமளவுக்குப் பயிற்சி வேண்டும். பதற்றத்தில் பூட்டை இறக்க மறந்தால் துப்பாக்கி சுடாது. உறையில் செருகும்போது பூட்டை ஏற்ற மறந்தால் சுட்டுவிடலாம்.

இரட்டை மற்றும் ஒற்றைச் செயல்: இதில் சுத்தியல் கீழே இறங்கிய நிலையில் துப்பாக்கி காவப்படும். முதல் சூட்டுக்கு விசையே சுத்தியலைப் பின்னே தூக்கி விழுத்த வேண்டும். அந்த இழுப்பு நீளமானது, பாரமானது, சாதாரணமாக 4.5 முதல் 5.5 கிலோ வரை வரும். முதல் சூட்டுக்குப் பின் சுத்தியல் தானாகவே பின்னே நின்றுவிடும். அடுத்த சூடுகளுக்கு 2 கிலோ அளவான மெல்லிய இழுப்புப் போதும். 1929 இல் வெளிவந்த வால்தர் பிபி இம்முறையைப் பிரபலமாக்கியது. பெரெட்டா 92, சிக் பி226, பி229, சிஇசட் பி-01 ஆகியவை இந்த வகையின் பெயர்பெற்ற துப்பாக்கிகள். சுத்தியலைப் பாதுகாப்பாகக் கீழே இறக்க இவற்றில் ஒரு நெம்பு உண்டு.

இரட்டைச் செயல் மட்டும்: இதில் ஒவ்வொரு சூட்டுக்கும் விசை ஒரே நீளத்தில் இழுபடும். சுத்தியல் பின்னே நிற்பதில்லை. சட்டைப்பை அளவான ரூகர் எல்சிபி இதற்கு நெருங்கியது. அதன் சுத்தியல் உள்ளே ஒதுங்கியிருக்கும். சுத்தியல் மறைக்கப்பட்ட சிறு ரிவோல்வர்களும் இந்த இனமே. பயன்படுத்தக் கற்பது இலகு. ஆனால் சிறிய துப்பாக்கியில் பாரமான விசையை இழுக்கும்போது குறி விலகுவதும் இலகு.

முதன்முறையாக வாங்குபவர், சுத்தியல் வகைதான் வேண்டும் என்றிருந்தால், இரண்டாவது வகையில் சுத்தியல் இறக்கும் நெம்பு உள்ளதைத் தெரிவுசெய்வது பொருத்தம். நீளமான முதல் இழுப்பு, விரல் தவறிப் பட்டாலும் உணர்ந்து நிறுத்த ஒரு கணம் தருகின்றது. பூட்டை இறக்க மறந்துபோகும் கவலையும் பூட்டு இல்லாத வகைகளில் இல்லை.

நன்மைகள்

முதலாவது, உறையில் செருகும்போது பெருவிரலைச் சுத்தியலின் மேல் வைத்து அழுத்திக்கொள்ளலாம். சட்டையின் நுனியோ கயிறோ விசையில் சிக்கி அதை இழுத்தால் சுத்தியல் பின்னே எழுவதைப் பெருவிரல் உணரும். அந்த இடத்திலேயே நிறுத்தலாம். ஸ்ரைக்கர் வகையில் இந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை.

இரண்டாவது, சில ரவைகளின் எரியூட்டி முதல் அடியில் வெடிக்காமல் போவதுண்டு. இரட்டைச் செயல் உள்ள துப்பாக்கியில் விசையை மீண்டும் இழுத்து இன்னொரு அடி கொடுக்கலாம். ஆயினும் அந்த ரவையை அகற்றி அடுத்ததை ஏற்றும் பழக்கமே நம்பகமானது.

மூன்றாவது, வயதானவர்களுக்கும் கையில் பலம் குறைந்தவர்களுக்கும் உரியது. பல சுத்தியல் துப்பாக்கிகளில் சுத்தியலை முன்கூட்டியே பின்னே இழுத்து வைத்தால் ஸ்லைட்டை இழுப்பது இலகுவாகும். ஷெல் துண்டு ஏறிய கையோ முறிந்து பொருந்திய மணிக்கட்டோ உள்ளவர்கள் எம்மில் குறைவில்லை. அவர்கள் இதைக் கடையிலேயே செய்து பார்க்க வேண்டும்.

குறைகள்

முதல் இழுப்பும் இரண்டாம் இழுப்பும் வேறுபடுவதே இரட்டைச் செயல் வகையின் பெரிய குறை. பாரமான முதல் இழுப்பில் சன்னம் ஒருபக்கம் விலகும். அடுத்தது எதிர்பார்த்ததற்கு முன்னரே பாய்ந்துவிடலாம். தற்பாதுகாப்பில் விலகிப்போகும் ஒவ்வொரு சன்னமும் யாரோ ஒருவரின் யன்னலையோ பிள்ளையையோ நோக்கிப் போகின்றது. அதற்குச் சுட்டவரே பொறுப்பு.

நிறை இன்னொரு குறை. வெறும் துப்பாக்கியாக பெரெட்டா 92 ஏறத்தாழ 950 கிராம், சிக் பி229 ஏறத்தாழ 900 கிராம், முழு அளவு 1911 ஏறத்தாழ 1.1 கிலோ. நடுத்தர அளவான சிஇசட் பி-01 800 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒப்பிட்டால் ஸ்ரைக்கர் வகையான குளொக் 19 670 கிராம் அளவில் நிற்கின்றது. பத்து மணித்தியாலம் நின்று வேலை செய்பவருக்கு இந்த வித்தியாசம் இடுப்பில் தெரியும். பாரம் தாங்காமல் துப்பாக்கியைக் கழற்றி மேசை லாச்சியில் வைப்பவர், அதைச் சிறுபிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தவராகிவிடுகின்றார்.

வெளியே நீட்டும் சுத்தியலின் வால், சட்டையின் உட்புறத்தில் சிக்குவதுண்டு. காவுவதற்கென வரும் பல வகைகளில் அந்த வால் வெட்டி உருட்டப்பட்டிருக்கும்.

இரண்டு வகையிலும் உற்பத்திக் குறைபாடு வரலாம் என்பதையும் மறக்கக்கூடாது. ஸ்ரைக்கர் வகையான சிக் பி320, குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழும்போது வெடிக்கக்கூடும் எனத் தெரியவந்ததும் 2017 ஓகஸ்டில் நிறுவனம் இலவசமாகத் திருத்தித்தர முன்வந்தது. 2020 நவம்பரில் ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம், உட்சுத்தியல் கொண்ட எம் அன்ட் பி 9 ஷீல்ட் ஈசி கைத்துப்பாக்கிகளில் ஒரு பகுதியை சுத்தியலின் உற்பத்திக் குறைபாட்டுக்காக மீள அழைத்தது. பழைய துப்பாக்கியை வாங்குபவர் அதன் தொடர் இலக்கத்தைத் தயாரிப்பாளரிடம் கொடுத்து மீளழைப்பு உண்டா எனக் கேட்க வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை

துப்பாக்கி வெறுமையாக இருப்பதைக் கடைக்காரரும் நீங்களும் தனித்தனியே உறுதிசெய்த பின்னரே பின்வருவனவற்றைப் பாருங்கள்.

விரல் எட்டுகின்றதா? சுத்தியல் கீழே இருக்கும்போது விசை முன்னே தள்ளி நிற்கும். சுட்டுவிரலின் முதல் மடிப்பாவது பிடியை மாற்றாமல் விசையில் படிய வேண்டும். சிறிய கை உள்ளவர்களுக்கு பெரெட்டா 92 பெரும்பாலும் பெரிதாக இருக்கும்.

நெம்பு எட்டுகின்றதா? சுத்தியல் இறக்கும் நெம்பைச் சுடும் கையின் பெருவிரலாலேயே இயக்க வேண்டும். சிக் துப்பாக்கிகளில் அது இடப்பக்கப் பிடியின் மேல் இருக்கும். பெரெட்டா 92 இல் ஸ்லைட்டின் மேல், உயரத்தில் இருக்கும். இடக்கைக்காரர் இருபக்கமும் நெம்பு உள்ளதைத் தேட வேண்டும்.

நெம்பு உண்டா? சிஇசட் 75 இன் பொதுவான வடிவத்தில் பூட்டு மட்டுமே உண்டு. ரவை ஏறிய நிலையில் சுத்தியலைக் கீழே இறக்க வேண்டுமாயின் விசையை இழுத்தபடி பெருவிரலால் பிடித்து இறக்க வேண்டும். பெருவிரல் வழுக்கினால் துப்பாக்கி வெடிக்கும். ஆகவே பி-01 போல நெம்பு உள்ளதையே புதியவர் வாங்க வேண்டும்.

அடிஊசித் தடை உண்டா? விசை முழுமையாக இழுபடாதவரை அடிஊசி நகராதபடி தடுக்கும் சிறு பாகம் இது. கீழே விழுந்தாலும் வெடிக்காமல் பாதுகாப்பது இதுவே. நவீன துப்பாக்கிகளில் அநேகமாக இருக்கும். பழைய 1911களிலும் டொக்கரேவ்களிலும் இல்லை. அழகுக்காகவோ மலிவுக்காகவோ பழையதை வாங்கிக் காவுவது ஆபத்து.

எந்த ரவை? பெரும்பாலானோருக்கு 9 மி.மீ. போதுமானது. எஃப்.பி.ஐ. அமைப்பும் பெரிய ரவைகளைப் பரீட்சித்த பின்னர் 9 மி.மீ. க்கே திரும்பியது. பொயின்ட் 45 ரவையில் பின்னுதைப்புக் கூடும், கூட்டில் அடங்கும் எண்ணிக்கை குறையும். பொயின்ட் 380 சிறிய துப்பாக்கிகளுக்கு ஏற்றது, வலுக் குறைந்தது. மாநிலச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். நியூயோர்க், கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் 10 ரவைகளுக்கு மேல் கொள்ளும் ரவைக்கூடு தடை. பெரெட்டாவோடு வழமையாக வரும் 15 ரவைக்கூட்டை அங்கே வைத்திருந்தால் துப்பாக்கி சட்டபூர்வமாக இருந்தாலும் கூடு குற்றமாகும்.

எவ்வளவு சிறிது? உடைக்கு மேலாகப் புடைத்துத் தெரிவது குழலின் நீளத்தைவிடப் பிடியின் நீளமே. ஆயினும் மிகச் சிறியதை வாங்குவதும் தவறு. 270 கிராம் அளவான எல்சிபி சட்டைப்பையில் மறையும், ஆனால் கையில் அடங்காமல் துள்ளும். புதியவருக்கு நடுத்தர அளவே கற்க ஏற்றது.

வாங்கும் முன் வாடகைக்குச் சுடக்கூடிய பயிற்சிக் கூடத்துக்குப் போங்கள். சுத்தியல் கீழே இறங்கிய நிலையிலிருந்து முதல் இரண்டு சூடுகளை மட்டும் திரும்பத் திரும்பச் சுடுங்கள். ஏழு மீற்றர் தூரத்தில் அந்த இரண்டும் ஒரு சாப்பாட்டுக் கோப்பையின் அளவுக்குள் விழவில்லையென்றால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கு உரியதல்ல, அல்லது நீங்கள் இன்னமும் காவத் தயாரில்லை. வெடிச்சத்தம் பழைய நாட்களைக் கொண்டுவந்து உடல் நடுங்கினால் அதை வெட்கமாக எண்ண வேண்டாம். அது ஒரு பதில். அந்தப் பதிலை மதித்து வெறுங்கையுடன் வீடு திரும்பலாம்.

உறையும் பழக்கமும்

துப்பாக்கியின் விலையில் சேமிக்க நினைப்பவர்கள் உறையில்தான் கை வைக்கின்றார்கள். அது பிழை. உறை கடினமான பொருளால் ஆனதாக, விசைக் காப்பை முழுமையாக மூடுவதாக, துப்பாக்கியை எடுத்த பின்னரும் வாய் மூடாமல் நிற்பதாக இருக்க வேண்டும். அதைத் தாங்க உறுதியான இடுப்புப் பட்டி வேண்டும். உறை இல்லாமல் காற்சட்டைப் பையிலோ, கைப்பையிலோ, வெறும் இடுப்பிலோ செருகுவது திரைப்படத்தோடு நிற்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் ஒழுங்கு ஒன்றுதான். விரலை விசையிலிருந்து எடுத்து ஸ்லைட்டின் பக்கத்தில் வைக்க வேண்டும். சுத்தியலை நெம்பால் இறக்க வேண்டும். உடையை விலக்கி உறையின் வாயைக் கண்ணால் பார்க்க வேண்டும். பெருவிரலைச் சுத்தியலில் வைத்து மெதுவாகச் செருக வேண்டும். எடுப்பதில் வேகம் தேவைப்படலாம். செருகுவதில் ஒருபோதும் வேகம் தேவையில்லை.

பொலிஸார் மறிக்கும்போது

சோதனைச் சாவடிகளில் வளர்ந்த தலைமுறைக்கு, சீருடை கையைக் காட்டி நிறுத்தும்போது பையிலிருந்து அடையாள அட்டையை எடுப்பது அனிச்சைச் செயல். இடுப்பில் துப்பாக்கியுடன் அமெரிக்க வீதியில் அந்தச் செயல் உயிரைப் பறிக்கலாம். 2016 யூலை 6 அன்று மினசோட்டா மாநிலத்தில் பிலாண்டோ காஸ்ரில் என்ற கறுப்பின இளைஞர் வாகனத்தில் மறிக்கப்பட்டார். அவரிடம் காவுவதற்கான அனுமதிப்பத்திரம் இருந்தது. தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவர் அமைதியாகச் சொன்னார். சில நொடிகளில் சுடப்பட்டு உயிரிழந்தார். சுட்ட அதிகாரியை 2017 இல் யூரிகள் விடுவித்தனர்.

சில மாநிலங்களில் துப்பாக்கி இருப்பதை உடனே சொல்ல வேண்டும் என்பது சட்டம். வேறு சிலவற்றில் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். எங்கேயாயினும் இரு கைகளையும் வாகனத்தின் சுக்கானில் தெரியும்படி வைத்து, அதிகாரி சொல்லும்வரை எதையும் எடுக்காமல் இருங்கள். மண்ணிறத் தோலும் உடைந்த ஆங்கிலமும் உள்ள ஒருவருக்குத் துப்பாக்கி பாதுகாப்பைக் கூட்டுகின்றதா, ஆபத்தைக் கூட்டுகின்றதா என்பதை வாங்கும் முன்னரே குடும்பத்தோடு கதைக்க வேண்டும்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து

அமெரிக்காவில் 2021 இல் துப்பாக்கியால் 48,830 பேர் இறந்தார்கள். அவர்களில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டு இறந்தவர்கள். கொலையுண்டவர்கள் 20,958. கடை வாசலில் வரக்கூடிய கள்வனை நினைத்து வாங்கப்படும் துப்பாக்கி, வீட்டில் உள்ள ஒருவரின் உயிரை எடுக்கும் வாய்ப்பை இந்த எண்ணிக்கை காட்டுகின்றது.

எமது சமூகத்துக்கு இது வெறும் புள்ளிவிபரம் அல்ல. காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடிக்கொண்டே புலம்பெயர்ந்தவர்கள், தடுப்பில் இருந்து வந்தவர்கள், இறுதி நாட்களில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எமது வீடுகளில் இருக்கின்றார்கள். இரவில் எழுந்து இருட்டில் உட்கார்ந்திருக்கும் தகப்பனைப் பிள்ளைகள் கண்டிருக்கின்றார்கள். மாத்திரை விழுங்கியவரையோ கயிற்றை எடுத்தவரையோ பலதடவை காப்பாற்றிவிடலாம். துப்பாக்கி அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

ஆகவே இடுப்பில் இல்லாத நேரமெல்லாம் துப்பாக்கி பூட்டிய இரும்புப் பெட்டியில் இருக்க வேண்டும். திறப்போ இலக்கமோ காவுபவரிடம் மட்டும் இருக்க வேண்டும். வீட்டில் ஒருவர், அது நீங்களே ஆயினும், கடும் மன உளைச்சலில் இருந்தால் அந்தக் காலத்தில் துப்பாக்கி வீட்டில் இருக்கவே கூடாது. உரிமம் பெற்ற கடைகள் சில பாதுகாப்பில் வைத்துத் தருகின்றன. உறவினரிடம் கொடுப்பதாயின் அந்த மாநிலச் சட்டம் அதற்கு இடம் தருகின்றதா எனப் பார்க்க வேண்டும். 988 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அமெரிக்காவில் எந்த நேரமும் பேச ஆள் உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை.

எந்த ஒழுங்கில் தீர்மானிப்பது?

கடைக்குப் போகும் பலர் முதலில் கேட்பது எந்தத் துப்பாக்கி நல்லது என்பதையே. அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் உங்கள் குடிவரவு நிலை இதற்கு இடம் தருகின்றதா எனப் பாருங்கள். அடுத்து மாநிலச் சட்டத்தையும் நீங்கள் போய்வரும் பாதைகளையும் பாருங்கள். பிறகு வீட்டில் யார் யார், எந்த மனநிலையில் இருக்கின்றார்கள் என்று பாருங்கள். பணத்தைப் பகலிலேயே வங்கியில் போடுவது, இருவராகக் கடையைப் பூட்டுவது, வெளிச்சமும் கமராவும் பொருத்துவது ஆகியவற்றால் அதே பயம் தீருமா என்றும் பாருங்கள். பல கடைகளில் அத்தோடு தேவை முடிந்துவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் பின்னரும் காவத்தான் வேண்டும் என்றால், சுத்தியல் இறக்கும் நெம்பும் அடிஊசித் தடையும் உள்ள, கைக்கு அடங்கிய நடுத்தர அளவுத் துப்பாக்கி ஒன்றும், நல்ல உறையும், பூட்டிய பெட்டியும், இடைவிடாத பயிற்சியும் சேர்த்தே அந்தத் தெரிவு முழுமை பெறும். ஒவ்வொரு நாளும் உறையில் செருகும்போது பெருவிரலைச் சுத்தியலில் வையுங்கள். போரில் தப்பிவந்த உயிர் கவனக்குறைவால் போகக்கூடாது.